தேனீக் குடும்பங்களை இணைத்தல்

தேனீக் குடும்பங்களை இணைத்தல் என்பது, தனித்தனிப் பெட்டிகளில் வாழும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தேனீக் குடும்பங்களை ஒரே இராணியின் கீழ் ஒரு குடும்பமாக ஆக்கும் தேனீ வளர்ப்புச் செயல்முறை ஆகும். இராணியை இழந்த குடும்பத்தைக் காப்பாற்றவும், தேன் பருவத்துக்கு முன் பணித்தேனீக்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் இது மேற்கொள்ளப்படுகின்றது. எனினும் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் குளிர் மிகுந்த நாடுகளில், இது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், குளிர்கால ஆயத்தத்தின் ஒரு பகுதியாகச் செய்யப்படுகின்றது. தனித்தனியே விட்டால் குளிரில் அழிந்துவிடக்கூடிய இரண்டு வலுக்குறைந்த குடும்பங்கள், ஒன்றாக்கப்பட்டால் வசந்தம் வரை உயிர் பிழைக்கக்கூடும் என்பதே இதன் அடிப்படை ஆகும்.

இணைத்தல் எல்லா நலிவுக்கும் மருந்து அன்று. நோயால் நலிந்த குடும்பத்தை நலமான குடும்பத்துடன் சேர்த்தால் இரண்டுமே அழியலாம். ஆகவே ஒரு குடும்பம் ஏன் நலிந்தது என்பதை அறிந்த பின்னரே அதை இணைப்பதா, தனியே விடுவதா, அழிப்பதா என்று முடிவு செய்யப்படுகின்றது. இக்கட்டுரை முதன்மையாக ஏபிசு மெல்லிபெரா என்னும் மேற்குத் தேனீயைப் பற்றியது. இதன் ஓர் இனமே இந்தியாவில் இத்தாலியத் தேனீ எனப் பரவலாக அறியப்படுகின்றது.

குளிர்காலத்தில் தேனீக் குடும்பம்

குளவிகளிலும் வண்டுத் தேனீக்களிலும் இராணி மட்டுமே குளிர்காலத்தில் உறங்கிப் பிழைக்கின்றது. கூட்டின் ஏனைய உறுப்பினர்கள் இறந்துவிடுகின்றனர். மேற்குத் தேனீயோ அவ்வாறு உறங்குவதில்லை. முழுக் குடும்பமும் விழித்த நிலையிலேயே, சேமித்த தேனை உண்டு, உடல் வெப்பத்தால் குளிரைத் தாங்குகின்றது. கோடையில் 40,000 முதல் 60,000 வரை தேனீக்களைக் கொண்டிருக்கும் ஒரு குடும்பம், குளிர்காலத் தொடக்கத்தில் அதில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகின்றது. இலையுதிர் காலத்தில் பணித்தேனீக்கள் ஆண் தேனீக்களைப் பெட்டியை விட்டு வெளியேற்றுகின்றன. இராணி முட்டையிடுவதைக் குறைத்து, பின்னர் சில வாரங்களுக்கு முற்றாக நிறுத்திவிடுகின்றது.

குளிர்காலக் கொத்து

வெளி வெப்பநிலை சுமார் 14 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கும்போது, தேனீக்கள் அடைகளுக்கு இடையே ஒன்றையொன்று நெருங்கி, ஏறத்தாழக் கோள வடிவமான திரளாகச் சேர்கின்றன. இது குளிர்காலக் கொத்து எனப்படும். வெளிப்புற அடுக்கில் உள்ள தேனீக்கள் தலையை உள்நோக்கி வைத்து நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. உட்புறத்தில் உள்ள தேனீக்கள், இறக்கைகளை அசைக்காமல் பறத்தற்குரிய தசைகளை மட்டும் நடுங்கச் செய்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. குளிர் கூடும்போது கொத்து இறுகுகின்றது. குளிர் குறையும்போது தளர்கின்றது.

முட்டையும் புழுவும் இல்லாத காலத்தில் கொத்தின் நடுப்பகுதி சுமார் 20 பாகைக்கு மேல் வைத்திருக்கப்படுகின்றது. இராணி மீண்டும் முட்டையிடத் தொடங்கியதும், அப்பகுதி 33 முதல் 36 பாகை வரை உயர்த்தப்பட வேண்டும். வெளி அடுக்கிலுள்ள ஒரு தேனீயின் உடல் சுமார் 10 பாகைக்குக் கீழே குளிர்ந்தால், அது அசையும் திறனை இழந்து கொத்திலிருந்து கீழே விழுந்துவிடும். பெட்டியின் உட்புறம் முழுவதையும் தேனீக்கள் சூடாக்குவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவை தம் கொத்தையே சூடாக வைத்திருக்கின்றன.

குளிர்காலத் தேனீக்கள்

கோடையில் பிறக்கும் பணித்தேனீ சுமார் ஆறு வாரங்களே வாழ்கின்றது. இலையுதிர் காலத்தில் வளர்க்கப்படும் பணித்தேனீக்கள் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை வாழக்கூடியவை. இவை தோற்றத்தில் வேறுபடுவதில்லை. ஆனால் இவற்றின் வயிற்றுப் பகுதியில் கொழுப்புத் திசு மிகுந்திருக்கும். விட்டெல்லோசெனின் என்னும் புரதமும் உடலில் கூடுதலாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இந்தச் சேமிப்பைக் கொண்டே இவை குளிர்காலத்தைக் கடந்து, வசந்தத்தின் முதல் புழுக்களுக்கு உணவூட்டுகின்றன.

வட பகுதிகளில் இத்தேனீக்கள் பெரும்பாலும் ஆகத்து முதல் அக்டோபர் வரையான காலத்தில் வளர்க்கப்படுகின்றன. அப்போது புழுக்களுக்கு மகரந்தம் போதாமற் போனாலோ, உண்ணித் தொல்லை மிகுந்திருந்தாலோ, நீண்ட வாழ்நாள் இல்லாத தேனீக்களே உருவாகும். அக்டோபரில் எண்ணிக்கையில் வலுவாகத் தோன்றும் குடும்பம் சனவரியில் கைப்பிடி அளவாகச் சுருங்குவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். எனவே குளிர்கால ஆயத்தம் என்பது குளிர் தொடங்கியபின் செய்யப்படும் பணி அன்று. கோடையின் இறுதியிலேயே தொடங்கும் பணி ஆகும்.

இணைப்பதன் பயன்

ஒரு கொத்து வெப்பத்தை இழப்பது அதன் வெளிப்பரப்பின் வழியாகவே ஆகும். வெப்பத்தை உண்டாக்குவதோ அதில் உள்ள தேனீக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரே அளவுள்ள இரண்டு கோளக் கொத்துகளை ஒன்றாக்கினால், தேனீக்களின் எண்ணிக்கை இரு மடங்காகின்றது. ஆனால் வெளிப்பரப்பு ஒரு கொத்தினுடையதைப் போல் சுமார் 1.6 மடங்கு மட்டுமே ஆகின்றது. அதாவது, ஒரு தேனீக்கு வரும் வெளிப்பரப்பின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி குறைகின்றது. இதனால் ஒவ்வொரு தேனீயும் குறைவான தேனை உண்டு, குறைவாக உழைத்து, தேவையான வெப்பத்தைத் தர முடிகின்றது.

சிறு கொத்துக்கு மற்றொரு இடரும் உண்டு. கடுங்குளிரில் இறுகிய கொத்து, உணவு தீர்ந்த அடையிலிருந்து அடுத்த அடைக்கு நகர முடியாமற் போகலாம். கொத்து சிறியதாயின் அது தொட்டுக்கொண்டிருக்கும் தேன் அறைகளும் குறைவாகவே இருக்கும். இவ்வாறு, சில சென்டிமீட்டர் தொலைவில் தேன் நிறைந்த அடை இருக்கும்போதே பட்டினியால் இறந்த குடும்பங்களை வசந்தத்தில் பெட்டியைத் திறக்கும் வளர்ப்பாளர்கள் காண்பதுண்டு. இறந்த தேனீக்கள் உணவைத் தேடி, வெற்று அடையறைகளுக்குள் தலையை நுழைத்த நிலையில் காணப்படும்.

வரலாறு

நகர்த்தக்கூடிய சட்டங்களைக் கொண்ட பெட்டி வருவதற்கு முன், ஐரோப்பாவின் பல பகுதிகளில் தேனீக்கள் வைக்கோலால் முடையப்பட்ட, கவிழ்த்த கூடை போன்ற கூடுகளில் வளர்க்கப்பட்டன. அடைகள் கூட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்ததால், அவற்றை வெட்டாமல் வெளியே எடுக்க இயலாது. எனவே இலையுதிர் காலத்தில் கூடுகளை எடை பார்த்து, மிகக் கனமானவற்றையும் மிக இலேசானவற்றையும் கந்தகப் புகையால் கொல்வது வழக்கமாக இருந்தது. கனமான கூடுகள் தேனுக்காக அழிக்கப்பட்டன. இலேசான கூடுகள், எப்படியும் குளிர்காலத்தைத் தாண்டா என்பதால் அழிக்கப்பட்டன. நடுத்தர எடையுள்ளவை அடுத்த ஆண்டுக்கு விடப்பட்டன.

இதற்கு மாற்றாக, கூட்டைத் தலைகீழாகத் திருப்பி, அதன் மேல் வெறுங்கூடு ஒன்றைச் சாய்த்துவைத்து, பக்கங்களைக் கைகளால் சீராகத் தட்டித் தேனீக்களை மேலே ஏறச்செய்யும் முறையும் கையாளப்பட்டது. இவ்வாறு வெளியேற்றப்பட்ட தேனீக்கள், உணவு உள்ள மற்றொரு குடும்பத்துடன் சேர்க்கப்பட்டன. கொல்லாமலே தேன் எடுக்க உதவிய இம்முறை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவலாக அறியப்பட்டிருந்தது.

1852ஆம் ஆண்டில் அமெரிக்கரான லாரன்சோ லாங்சுட்ரோத் நகர்த்தக்கூடிய சட்டங்களைக் கொண்ட பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அடைகளுக்கு இடையிலும் சட்டங்களைச் சுற்றியும் தேனீ ஒன்று நடமாடும் அளவு இடைவெளி விட்டால், தேனீக்கள் அவ்விடத்தை அடைத்துக் கட்டுவதில்லை என்பதே இப்பெட்டியின் அடிப்படை. இதன்பின் ஒரு குடும்பத்தின் அடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவும், உணவின் அளவை மதிப்பிடவும், ஒரு பெட்டியை மற்றொன்றின் மேல் அடுக்கி இரு குடும்பங்களை இணைக்கவும் இயன்றது.

இணைக்க வேண்டிய குடும்பங்களும் இணைக்கக் கூடாதவையும்

பொதுவாகப் பின்வரும் நிலைகளில் இணைத்தல் பரிந்துரைக்கப்படுகின்றது:

• இலையுதிர் காலத்தில், பத்துச் சட்டங்கள் கொண்ட பெட்டியில் ஏறத்தாழ ஐந்து சட்டங்களைக் கூட மூட முடியாத அளவுக்குத் தேனீக்கள் குறைந்திருத்தல்.
• இராணி இறந்து, புதிய இராணி உருவாகிக் கலவியுற ஆண் தேனீக்களும் வெப்பமான நாட்களும் இல்லாத பருவமாயிருத்தல்.
• இராணி முதுமையுற்று முட்டையிடுதல் மிகக் குறைந்திருத்தல்.
• கோடையின் இறுதியில் பிடிக்கப்பட்ட சிறு திரள், உணவு சேர்க்கவும் அடை கட்டவும் காலமின்றி இருத்தல்.

பின்வரும் நிலைகளில் இணைத்தல் கூடாது:

• நோய்ப்பட்ட குடும்பங்கள். அமெரிக்கப் புழு அழுகல் நோய் இவற்றுள் மிகக் கொடியது. பேனிபேசில்லசு லார்வே என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் இந்நோயின் வித்துகள், அடையிலும் மரத்திலும் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை. பல நாடுகளில் இந்நோயை அரசுக்கு அறிவிப்பது கட்டாயம் ஆகும்.
• உண்ணித் தொல்லை மிகுந்து சரிந்துகொண்டிருக்கும் குடும்பங்கள். இவற்றைச் சேர்த்தால் உண்ணிகளும் வைரசுகளும் நலமான குடும்பத்துக்குச் செல்கின்றன.
• பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்ட குடும்பங்கள். நீண்டகாலம் இராணியின்றி இருக்கும் குடும்பத்தில் இந்நிலை தோன்றும். முட்டைகள் கருவுறாதவை ஆதலால் ஆண் தேனீக்கள் மட்டுமே பிறக்கும். இத்தகைய குடும்பம் புதிய இராணியைக் கொன்றுவிடக்கூடும்.

இரண்டு நலிந்த குடும்பங்களை ஒன்றாக்குவதைவிட, நலிந்த ஒன்றை வலுவான ஒன்றுடன் சேர்ப்பதே நல்லது என்று கருதும் வளர்ப்பாளர்கள் பலர். இரண்டு நலிந்தவற்றின் சேர்க்கையும் போதிய வலுவற்றதாக இருக்கலாம் என்பது அவர்களின் வாதம். இலையுதிர் காலத்தில் பெட்டிகளின் எண்ணிக்கை குறைவதை வளர்ப்பாளர் இழப்பாகக் கருதத் தேவையில்லை. பிழைத்த வலுவான குடும்பத்தை அடுத்த வசந்தத்தில் இரண்டாகப் பிரித்து, புதிய இராணியைத் தந்து, எண்ணிக்கையை மீட்டுக்கொள்ளலாம்.

மணமும் ஏற்பும்

ஒவ்வொரு தேனீக் குடும்பத்துக்கும் தனி மணம் உண்டு. அடையின் மெழுகு, உணவு, தேனீக்களின் மரபு ஆகியவை சேர்ந்து இம்மணத்தை உண்டாக்குகின்றன. வாயிலில் காவல் புரியும் தேனீக்கள் இம்மணத்தைக் கொண்டே தம்மவரையும் அயலாரையும் பிரித்தறிகின்றன. இரண்டு குடும்பங்களைத் திடீரெனக் கலந்தால் அவை ஒன்றையொன்று கொட்டிக் கொல்லும், இராணியும் கொல்லப்படலாம். ஆகவே இணைக்கும் முறைகள் அனைத்தும், மணங்கள் மெதுவாகக் கலக்கும்வரை தேனீக்களைப் பிரித்துவைப்பதையோ, மணத்தை மறைப்பதையோ நோக்கமாகக் கொண்டவை.

ஒரு குடும்பத்தில் இரண்டு இராணிகள் பொதுவாக இருப்பதில்லை. இணைக்கும் முன் வளர்ப்பாளர் இரு இராணிகளையும் ஒப்பிட்டு, இளையதும் சீராக முட்டையிடுவதுமான ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றொன்றை நீக்குகின்றார். இரண்டையும் விட்டுவிட்டுத் தேனீக்களே முடிவு செய்யட்டும் என்று விடுவாரும் உண்டு. ஆனால் சண்டையில் நல்ல இராணி காயமுற்றாலோ இறந்தாலோ, அந்தப் பருவத்தில் வேறு இராணியைப் பெறுவது கடினம்.

இணைக்கும் முறைகள்

செய்தித்தாள் முறை

இதுவே மிகப் பரவலாகக் கையாளப்படும் முறை ஆகும். இதன் படிகள் பின்வருமாறு:

1. இரண்டு பெட்டிகளும் தொலைவில் இருந்தால், அவை முன்னதாகவே அருகருகே கொண்டுவரப்படுகின்றன. தேனீக்கள் பெட்டி இருந்த இடத்தையே நினைவில் கொள்வதால், ஒரு நாளைக்கு சுமார் 1 மீட்டருக்கு மேல் நகர்த்துவதில்லை.
2. நீக்க வேண்டிய இராணி தேடி எடுக்கப்படுகின்றது.
3. மாலையில், தேனீக்கள் வீடு திரும்பியபின், வலுவான குடும்பத்தின் மேல்மூடியும் உள்மூடியும் எடுக்கப்படுகின்றன. புழுவளர்ப்பு அறையின் சட்டங்களின் மேல் ஒற்றைச் செய்தித்தாள் விரிக்கப்படுகின்றது.
4. தாளில் ஊசியாலோ ஆணியாலோ சில சிறு துளைகள் இடப்படுகின்றன.
5. இராணியற்ற குடும்பத்தின் அறை, அடிப்பலகை இன்றி, தாளின் மேல் வைக்கப்பட்டு மூடப்படுகின்றது. மேல் அறைக்குத் தனி வாயில் விடப்படுவதில்லை.
6. தேனீக்கள் இருபுறமிருந்தும் தாளைக் கடித்து வழி உண்டாக்குகின்றன. சில நாட்களில் கடித்த தாள் துகள்கள் வாயிலின் முன் கிடப்பதைக் காணலாம்.
7. சுமார் ஒரு வாரத்தின்பின் பெட்டி திறக்கப்பட்டு, சட்டங்கள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. வெற்றுச் சட்டங்கள் நீக்கப்படுகின்றன.

தாள் கடிபட்டு முடிவதற்குள் மணங்கள் கலந்துவிடுவதால் சண்டை பெரும்பாலும் நிகழ்வதில்லை. வெயில் மிகுந்த நாட்களில் மேல் அறையில் உள்ள தேனீக்கள் காற்றின்றி வெப்பத்தால் இறக்கக்கூடும். அதனால் அத்தகைய நாட்களில் நிழலும் கூடுதல் துளைகளும் தேவை.

கம்பிவலை முறை

தாளுக்குப் பதிலாக நுண்ணிய கம்பிவலை பொருத்திய பலகை இரண்டு அறைகளுக்கும் இடையே வைக்கப்படுகின்றது. வலையின் ஊடாக மணமும் காற்றும் செல்லும். தேனீக்கள் செல்ல முடியாது. சில நாட்களின்பின் வலை எடுக்கப்படுகின்றது. மேல் அறைக்குத் தனி வாயில் கொடுக்க இயல்வதால், வெப்ப நாட்களுக்கு இது ஏற்றது.

மணத்தை மறைக்கும் முறை

இரு குடும்பத்தின் தேனீக்கள் மீதும் சர்க்கரைப் பாகைத் தெளித்தோ மாவைத் தூவியோ, சட்டங்களை மாறி மாறி ஒரே பெட்டியில் வைப்பது இம்முறை. தேனீக்கள் தம்மைத் தாமே தூய்மை செய்வதில் ஈடுபடும் நேரத்தில் மணங்கள் கலந்துவிடுகின்றன. பூந்தேன் மிகுதியாக வரும் காலத்தில் காவல் தளர்ந்திருப்பதால் நேரடியாக இணைத்தலும் எளிது. பூக்கள் இல்லாத இலையுதிர் காலத்தில் இவ்வாறு செய்வது இடர் மிக்கது. சிந்திய பாகின் மணம் அயல் பெட்டிகளின் தேனீக்களைக் கொள்ளையிடத் தூண்டும்.

குளிர்கால ஆயத்தம்

உண்ணிக் கட்டுப்பாடு

வரோவா உண்ணி, ஆசியாவின் இந்தியத் தேனீயிடமிருந்து மேற்குத் தேனீக்குத் தாவிய ஒட்டுண்ணி ஆகும். இது 1987இல் ஐக்கிய அமெரிக்காவிலும், 1992இல் பிரித்தானியாவிலும் கண்டறியப்பட்டது. மேற்குத் தேனீயைத் தாக்கும் இனத்துக்கு 2000ஆம் ஆண்டில் வரோவா டிசுட்ரக்டர் எனப் பெயரிடப்பட்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ந்த தேனீக்களில் இவ்வுண்ணி முதன்மையாகக் கொழுப்புத் திசுவையே உண்கின்றது எனக் காட்டியது. குளிர்காலத் தேனீயின் வாழ்நாள் அத்திசுவையே சார்ந்திருப்பதால், இலையுதிர் காலத்தில் இதன் தீங்கு பெரிது. சிறகு உருக்குலைவு வைரசு போன்றவற்றையும் இது பரப்புகின்றது.

சுமார் 300 தேனீக்களை எடுத்து, சாராயத்தில் கழுவியோ பொடிச்சர்க்கரையில் குலுக்கியோ, உதிரும் உண்ணிகள் எண்ணப்படுகின்றன. 100 தேனீக்களுக்கு 2 முதல் 3 உண்ணிகளுக்கு மேல் இருந்தால் மருந்திடல் தேவை எனக் கொள்ளப்படுகின்றது. ஃபார்மிக் அமிலம், தைமால் ஆகியவை கோடை இறுதியில் பயன்படுத்தப்படுகின்றன. ஆக்சாலிக் அமிலம் மூடிய புழு அறைகளுக்குள் செல்லாததால், புழுக்கள் இல்லாத குளிர்காலத் தொடக்கத்தில் சிறந்த பலன் தருகின்றது. இரண்டு குடும்பங்களை இணைக்கும் முன் இரண்டிலும் இச்சோதனை செய்யப்பட வேண்டும்.

உணவு இருப்பு

தேவையான தேனின் அளவு இடத்துக்கு இடம் மாறுபடும். ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஒரு குடும்பத்துக்கு 27 முதல் 40 கிலோகிராம் வரையும், பிரித்தானியாவில் சுமார் 18 முதல் 20 கிலோகிராம் வரையும் பரிந்துரைக்கப்படுகின்றது. லாங்சுட்ரோத் பெட்டியின் ஆழமான சட்டம் ஒன்று இருபுறமும் நிறைந்திருந்தால் அதில் ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோகிராம் தேன் இருக்கும். பெட்டியைத் திறவாமலே, பின்புறத்தைச் சற்றுத் தூக்கிப் பார்த்து எடையை மதிப்பிடுவது வளர்ப்பாளரின் வழக்கம்.

இருப்பு போதாதபோது, இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் என்னும் எடை அளவில் கெட்டியான பாகு தரப்படுகின்றது. குளிர் வருமுன் தேனீக்கள் இதிலுள்ள நீரை வற்றச் செய்து, மெழுகால் மூட வேண்டும். ஆகவே பாகு தருவது செப்டம்பரில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் முடிக்கப்படுகின்றது. குளிர் மிகுந்தபின் தேனீக்கள் பாகை எடுப்பதில்லை. அப்போது கொத்துக்கு நேர் மேலே திண்மச் சர்க்கரைப் பாளம் வைக்கப்படுகின்றது.

வெள்ளைச் சர்க்கரையே ஏற்றது. வெல்லம், பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றில் உள்ள செரிக்காத பொருட்கள் குடலில் தேங்கி, வெளியே பறக்க முடியாத நாட்களில் வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. நோய் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனையும் தரக்கூடாது.

பெட்டியை ஒழுங்குபடுத்தல்

• இராணித் தடுப்பு நீக்கப்பட வேண்டும். பணித்தேனீக்கள் மட்டுமே நுழையக்கூடிய இத்தடுப்பு இருந்தால், கொத்து தேனைத் தேடி மேலே நகரும்போது இராணி கீழே தனியே விடப்பட்டுக் குளிரில் இறந்துவிடும்.
• புழு வளர்ந்த அடைகளும் கொத்தும் கீழேயும், தேன் நிறைந்த அடைகள் மேலேயும் பக்கங்களிலும் இருக்குமாறு வைக்கப்படுகின்றன. கொத்து குளிர்காலத்தில் மேல் நோக்கி நகரும் இயல்புடையது.
• வாயில் குறுக்கப்படுகின்றது. இது கொள்ளையிடும் தேனீக்களையும் குளவிகளையும் தடுக்க உதவுகின்றது.
• எலிகள் வெப்பத்தை நாடி உள்ளே புகுந்து அடைகளைக் கடித்துக் கூடு கட்டும். இதைத் தடுக்க, சுமார் 9 மில்லிமீட்டர் துளைகள் கொண்ட உலோகத் தகடு வாயிலில் பொருத்தப்படுகின்றது.
• மேல்மூடி காற்றில் பறக்காதிருக்கக் கல் வைத்தோ பட்டை கட்டியோ இறுக்கப்படுகின்றது.

ஈரமும் வெப்பக் காப்பும்

தேனீக்கள் தேனை உண்ணும்போது நீராவி வெளிப்படுகின்றது. இது குளிர்ந்த மூடியின் அடிப்புறத்தில் நீர்த்துளியாகி, கொத்தின் மீது சொட்டும். வறண்ட குளிரைத் தாங்கும் தேனீக்கள் நனைந்தால் விரைவில் இறந்துவிடுகின்றன. எனவே மூடிக்குக் கீழ் வெப்பம் கடத்தாத பலகை வைத்தும், பெட்டியை முன்புறம் சற்றுச் சாய்த்தும், சில இடங்களில் மேலே ஒரு சிறு வாயில் விட்டும் ஈரம் வெளியேற்றப்படுகின்றது.

கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட பகுதியிலும், பெட்டிகளைத் தார்த்தாளாலோ காப்பு உறையாலோ சுற்றுவது வழக்கம். கனடாவில் வணிக முறையில் வளர்ப்போர் பலர், பெட்டிகளைச் சுமார் 4 முதல் 5 பாகை வெப்பநிலையில் வைக்கப்படும், காற்றோட்டமுள்ள இருண்ட கட்டடங்களுக்குள் அடுக்கிக் குளிர்காலத்தைக் கடத்துகின்றனர்.

கால ஒழுங்கு

மிதவெப்ப வட பகுதிக்குரிய பொதுவான ஒழுங்கு பின்வருமாறு. உயரத்தையும் அகலாங்கையும் பொறுத்து இது சில வாரங்கள் முன்பின் ஆகலாம்.

• ஆகத்து: தேன் எடுத்தல் முடிகின்றது. உண்ணிகள் எண்ணப்பட்டு மருந்திடப்படுகின்றது. இராணிகளின் நிலை ஆராயப்படுகின்றது.
• செப்டம்பர்: நலிந்த, நோயற்ற குடும்பங்கள் இணைக்கப்படுகின்றன. பாகு தரப்படுகின்றது.
• அக்டோபர்: எலித் தகடு பொருத்தப்படுகின்றது. எடை சரிபார்க்கப்படுகின்றது. உறை சுற்றப்படுகின்றது.
• நவம்பர், திசம்பர்: புழு இல்லாத காலத்தில் ஆக்சாலிக் அமிலம் இடப்படுகின்றது. பெட்டிகள் தேவையின்றித் திறக்கப்படுவதில்லை.
• சனவரி முதல் மார்ச்சு வரை: இராணி மீண்டும் முட்டையிடுவதால் உணவுச் செலவு உயர்கின்றது. பட்டினிச் சாவு குளிர்காலத்தின் நடுவில் நிகழ்வதைவிட அதன் இறுதியிலேயே மிகுதியாக நிகழ்கின்றது. வெப்பமான நாட்களில் தேனீக்கள் வெளியே பறந்து கழிவை நீக்குகின்றன.

கருத்து வேறுபாடுகள்

எவ்வளவு வலுக்குறைந்த குடும்பத்தை இணைக்க வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தேனீயின் இனமும் இதில் பங்கு கொள்கின்றது. ஆல்ப்சு மலைப் பகுதியையும் பால்கன் பகுதியையும் சேர்ந்த கார்னியோலா இனம், சிறிய கொத்தாகவும் குறைந்த உணவுடனும் குளிர்காலத்தைக் கடக்கும் இயல்புக்குப் பெயர்பெற்றது. இத்தாலிய இனம் பெரிய குடும்பமாக இருந்து கூடுதல் தேனை உண்கின்றது. நலிந்த குடும்பத்தைச் சிறிய பெட்டிக்கு மாற்றி, வலுவான குடும்பத்தின் மேல் பலகை இட்டு வைத்து, கீழிருந்து வரும் வெப்பத்தால் காப்பவரும் உளர். இதனால் இரண்டாவது இராணியும் காப்பாற்றப்படுகின்றது.

வெப்பக் காப்பின் தேவையும் விவாதத்துக்குரியது. தேனீக்கள் கொத்தையே சூடாக்குவதால் பெட்டிக்குக் காப்பு வேண்டியதில்லை என்னும் கருத்து நீண்டகாலம் நிலவியது. 2023இல் பிரித்தானிய ஆய்வாளர் டெரெக் மிட்செல், கொத்தின் வெளி அடுக்கு காப்புப் போர்வை போல் செயல்படுவதில்லை என்றும், இறுகிய கொத்து தேனீக்களுக்கு நெருக்கடி நிலையே என்றும் வாதிட்டார். காட்டுத் தேனீக்கள் வாழும் மரப்பொந்துகளின் சுவர்கள், வளர்ப்புப் பெட்டியின் மெல்லிய பலகைகளைவிடப் பன்மடங்கு தடித்தவை என்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் மேற்குத் தேனீ வளர்ப்பு 1960களில் வடமேற்கு மாநிலங்களில் வேரூன்றியது. காசுமீர் போன்ற குளிர்ப் பகுதிகளின் வளர்ப்பாளர்கள் பலர், குளிர்காலத்தில் பெட்டிகளை வண்டிகளில் ஏற்றிச் சமவெளிகளுக்குக் கொண்டு சென்று, அங்குள்ள பூக்களைப் பயன்படுத்திக்கொள்கின்றனர்.

தமிழ்நாட்டில் தேனீக்களின் நெருக்கடிக் காலம் குளிர்காலம் அன்று. பூக்கள் குறைந்த மழைக்காலமே ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதி இந்தியத் தேனீ வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. அங்கு ரப்பர் மரங்களின் இளந்தளிர்கள் சுரக்கும் இனிப்பு நீரால் ஆண்டின் தொடக்க மாதங்களில் தேன் மிகுதியாகக் கிடைக்கின்றது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வரத்து குறைந்து குடும்பங்கள் நலிகின்றன. அப்போது சர்க்கரைப் பாகு தருதல், வெற்று அடைகளை நீக்கி மெழுகுப் பூச்சியைத் தடுத்தல், எறும்பு ஏறாதவாறு தாங்கியின் கால்களை நீரில் நிறுத்துதல் ஆகியவற்றுடன், நலிந்த குடும்பங்களைச் செய்தித்தாள் முறையில் இணைத்தலும் மேற்கொள்ளப்படுகின்றது. இந்தியத் தேனீ, உணவு தீர்ந்தால் பெட்டியைக் கைவிட்டுப் பறந்துவிடும் இயல்புடையது. ஆதலால் இங்கு காலம் தாழ்த்துவது குடும்பத்தை முழுமையாக இழப்பதாக முடியலாம்.

1990களின் தொடக்கத்தில் தாய் பைப்புழு நோய் என்னும் வைரசு நோய் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் குடும்பங்கள் பெருமளவில் அழிந்தன. புழுக்களைத் தாக்கும் இந்நோய் கண்ட குடும்பத்தின் அடைகளை நலமான குடும்பத்துக்கு மாற்றினால் நோயும் உடன் செல்லும். குளிர் நாடுகளில் கூறப்படும் அதே விதி இங்கும் பொருந்துகின்றது: உணவின்மையால் நலிந்த குடும்பத்தை இணைக்கலாம், நோயால் நலிந்ததை இணைக்கக் கூடாது.